ஒரு ஜாடி மகரந்தத்துக்குள் எத்தனை நாள்? வோல்ஃப்காங் லைபின் கலையைப் புரிந்துகொள்ள

பெரிய, உயரமான ஒரு வெள்ளைக் கூடம். அதன் தரை நடுவில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு மஞ்சள் பரப்பு. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இல்லை; மூடுபனி கலைவதுபோல் மெல்ல மங்கித் தரையில் கரைகின்றன. இந்தப் படத்தை வீட்டில் காட்டினேன். அப்பா “மஞ்சள்தூளா?” என்றார். தங்கை “கோலப்பொடிதானே” என்றாள். அம்மா படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “யாராச்சும் ஃபேனைப் போட்டா என்னடா ஆகும்?” என்று கேட்டாள்.

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. அந்த மஞ்சளை எதுவும் தரையோடு பிடித்து வைத்திருக்கவில்லை. பசை கிடையாது, எண்ணெய் கிடையாது, மேலே கண்ணாடியும் கிடையாது. ஒரு தும்மல் போதும், ஒரு மூலை கலைந்துவிடும்.

அது மகரந்தம். ஜெர்மானியக் கலைஞர் வோல்ஃப்காங் லைப் 2013 ஜனவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் விரித்தது. ஏறத்தாழ 18 அடிக்கு 21 அடி. அதுவரை அவர் செய்த மகரந்தப் பரப்புகளில் அதுவே பெரியது. சாக்லேட்டில் நாம் கடித்துத் தின்னும் ஹேசல்நட் இருக்கிறதே, அந்தச் செடியின் மகரந்தம். 1990களின் நடுவிலிருந்து, அதாவது சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, தான் வசிக்கும் தென் ஜெர்மனிக் கிராமத்தைச் சுற்றி அவர் கையாலேயே சேர்த்து வைத்தது. மார்ச்சில் கண்காட்சி முடிந்ததும் அதைத் திரும்ப அள்ளி ஜாடிகளில் போட்டுக்கொண்டார்.

இயற்கைப் பொருட்களை வைத்துக் கலை செய்கிறார் என்று சொன்னால் பெரும்பாலும் நம் மனதில் வருவது காய்ந்த இலை, கூழாங்கல், மரக்கிளை, அதோடு சூழலியல் பற்றி ஒரு வாசகம். லைபை அந்தப் பெட்டியில் போட்டால் அவரிடம் உள்ள முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். அவர் எடுத்துக்கொண்ட பொருட்களின் பட்டியல் மிகச் சிறியது: பால், மகரந்தம், அரிசி, தேன்மெழுகு, கல். ஐம்பது ஆண்டுகளாக ஏறக்குறைய இதே ஐந்துதான். கல்லைத் தவிர மற்ற நான்கும் உயிரினங்கள் தங்கள் அடுத்த தலைமுறைக்காக உருவாக்கியவை. கன்றுக்குப் பால், விதைக்குத் தாது (மகரந்தத்தைத்தான் சொல்கிறேன்), முளைக்கு நெல், தேனீயின் புழுவுக்கு மெழுகறை. இந்த நான்கும் மனிதக் கவனிப்பு இல்லாவிட்டால் கெடும், கலையும், உருகும், பூச்சி பிடிக்கும். ஆகவே இந்தக் கலையில் நான் முதன்மையாகப் பார்ப்பது பராமரிப்பு. அழகு அதற்குப் பிறகு வருகிறது.

மகரந்தத்திலிருந்தே தொடங்கலாம்.

ஹேசல் குளிர்நாட்டுப் புதர்ச்செடி. பிப்ரவரி, மார்ச்சில், இலை துளிர்ப்பதற்கு முன்பே பூத்துவிடும். ஆண் பூக்கள் வெறும் கிளையில் வால்போலத் தொங்கும் சரங்களாக இருக்கும். காற்று வழியாக மகரந்தச் சேர்க்கை நடக்கும் செடி அது. வண்டை அழைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதனால் பகட்டான இதழும் இல்லை, தேனும் இல்லை. மாறாக, வரைமுறையில்லாமல் தாதை உற்பத்தி செய்கிறது. ஒரு சரத்திலிருந்தே லட்சக்கணக்கான துகள்கள் வரும். ஒவ்வொன்றும் சுமார் 25 மைக்ரான். நாற்பதை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். உலர்ந்த, வெயில் அடிக்கும் நாளில் கிளையை ஒரு கிண்ணத்தின் மேல் வளைத்து விரலால் தட்டினால் மஞ்சள் புகைபோல இறங்கும். மழை பெய்தால் அன்றைய வேலை போயிற்று. நம் பக்கத்தில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், கதிர் பூத்திருக்கும் மக்காச்சோளக் காட்டுக்குள் காலையில் நடந்து பாருங்கள். சட்டைத் தோளில் மஞ்சள் படிந்திருக்கும். அதைச் சட்டையிலிருந்து தட்டி எடுத்து ஒரு ஜாடி நிரப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹேசல் முடிந்ததும் டேன்டிலையன், பட்டர்கப் போன்ற புல்வெளிப் பூக்கள். இவை பூச்சிகளை நம்பியிருப்பவை. ஆகவே தாது குறைவு, பிசுபிசுப்பு அதிகம், நிறமும் ஆரஞ்சை நோக்கிப் போகும். பூப்பூவாகக் குனிந்து விரலால் எடுக்க வேண்டும். அப்புறம் கோடை தொடங்கும்போது பைன் மரங்கள். பைன் அள்ளிக் கொடுக்கும். காற்றில் மிதக்க வசதியாக அதன் ஒவ்வொரு தாதுத்துகளிலும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. அதன் மஞ்சள் வெளிறியது. இப்படிச் சில மாதங்கள். ஒரு பருவம் முழுக்க உழைத்தாலும் கையில் நிற்பது சில சிறு ஜாடிகள்தான். லைப் 1977 முதல் இதைச் செய்துவருகிறார். உதவியாளர்களை வைத்து மலைமலையாகக் குவித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. ஒரு புல்வெளியில் ஒற்றை ஆளாகக் குனிந்து நிற்கும் அந்த வாரங்கள் கலைக்கு முந்தைய தயாரிப்பு வேலை என்று அவர் நினைப்பதில்லை. அவையும் கலையைச் சேர்ந்தவைதான்.

சேர்த்ததைப் பத்திரப்படுத்த முடிவதற்குக் காரணம் தாதின் மேலோடு. ஸ்போரோபோலெனின் என்ற பொருளால் ஆன அந்த ஓடு, உயிரினங்கள் உருவாக்கும் பொருட்களிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று. ஏரிச் சேற்றிலும் நிலக்கரியிலும் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும் தாதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் எந்த மரம் வளர்ந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஓடு நிலைக்கும் அளவுக்கு உள்ளிருக்கும் உயிர் நிலைக்காது. சாதாரண அறை வெப்பத்தில் சில வாரங்கள், மிஞ்சிப்போனால் சில மாதங்கள். அதற்குப் பிறகு அந்தத் துகளால் ஒரு சூலை உயிர்ப்பிக்க முடியாது.

இந்த இடத்தில் எனக்கு நீண்ட நாள் ஒரு உறுத்தல் இருந்தது. செடியின் வாழ்வு தொடங்கக்கூடிய புள்ளியாகத்தான் லைப் மகரந்தத்தைப் பற்றிப் பேசுகிறார். இருபதாண்டு ஜாடியில் இருப்பதோ எதையும் தொடங்க முடியாத தாது. அப்படியானால் அந்தக் கூடத்தில் கிடந்தது என்ன? யோசித்துப் பார்த்தால், காட்டில் விழும் ஹேசல் தாதில் மிகப் பெரும்பகுதி எந்தப் பெண் பூவையும் தொடுவதில்லை. பாறையில், ஓடையில், மண்ணில் விழுந்து வீணாகிறது. கோடியில் ஒன்று கொட்டையாகிறது. அந்த வீணாகும் பெரும்பகுதியைத்தான் அவர் ஒரே இடத்தில் நம் கண்முன் கொண்டுவந்து வைக்கிறார். ஒரு கொட்டைக்குப் பின்னால் இவ்வளவு கொடுத்தல் இருக்கிறது என்று நாம் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது என் உறுத்தல் குறைந்தது.

விரிக்கும் முறையும் எளிமையானது. மெல்லிய துணி கட்டிய சல்லடையில் தாதைப் போட்டு, தரைக்குச் சற்று மேலே பிடித்து, மெல்லத் தட்டிக்கொண்டே மண்டியிட்டு நகர்கிறார். துகள்கள் தாமாக விழுந்து படிகின்றன. பரப்பின் ஓரங்கள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். காற்றில் கொஞ்சம் அலைந்து விழும் துகள்களைக் கோடு போட்டு நிறுத்த முடியாது. எண்ணெயோ பிசினோ கலக்காததால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக ஒளியைச் சிதறடிக்கிறது. வண்ண டப்பாவில் கிடைக்கும் எந்த மஞ்சளும் இப்படி ஒளிராததற்கு அதுவே காரணம். இதைப் பார்க்கும் விமர்சகர்கள் அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் வண்ணப் பரப்பு ஓவியங்களை நினைவுகூர்வார்கள். கண்ணுக்கு அந்த ஒற்றுமை உண்மைதான். ஆனால் லைப் இதை நிறமாகக் கருதுவதே இல்லை. தன்னால் உருவாக்க முடியாத ஒன்றில் தான் பங்கெடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில்தான் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்.

1984இல் இன்னொன்று செய்தார்: ஹேசல் தாதைக் கூம்பாகக் குவித்த ஐந்து சிறு மேடுகள். உயரம் ஏழு சென்டிமீட்டர் அளவு. பெயர் ‘ஏறக் கூடாத ஐந்து மலைகள்’. உள்ளங்கைக்குள் அடங்கும் மலைகள். ஒரு பெரிய அறையில் அவை மட்டும். எனக்கு நியூயார்க் பரப்பைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

இனி, இவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கதை அங்கே நம் பக்கம் திரும்புகிறது.

1950இல் மெட்சிங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். பீபராக் அருகே வாழ்ந்த அந்தக் குடும்பத்துக்கு யாகோப் பிரெக்லே என்ற ஓவியர் நெருங்கிய நண்பர். அந்த வட்டாரத்து வயல்களையும் பனி மூடிய நிலங்களையும் வாழ்நாள் முழுதும் வரைந்து, கடைசியில் வெறும் நிறப் பட்டைகளாகவே சுருக்கிக்கொண்டவர். சீன ஞானி லாவோட்சுவின் பெயர் சிறுவன் லைபின் காதில் முதலில் விழுந்தது அவர் வழியாகத்தான். பெற்றோருக்கு ஆசியா மேல் தீராத ஈர்ப்பு. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு உதவிசெய்யத் தொடங்கினார்கள். லைப் அப்போது டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சமஸ்கிருதமும் படித்தார். மருத்துவப் பட்டத்துக்கான அவருடைய ஆய்வு தென்னிந்தியாவில் குடிநீர்ச் சுகாதாரம் பற்றியது. அதற்காக இங்கே வந்து தங்கினார். 1974இல் படிப்பை முடித்தார். ஆனால் மருத்துவராக வேலை பார்க்கவில்லை.

ஏன்? உடலை மட்டுமே பொருளாகப் பார்க்கும் மருத்துவம் தனக்குப் போதவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். அதைவிட முக்கியமாக, தொழிலை மாற்றிக்கொண்டதாகவே அவர் நினைக்கவில்லை. மருத்துவராகச் செய்ய விரும்பியதைத்தான் பாலையும் மகரந்தத்தையும் வைத்துச் செய்கிறேன் என்பார். கேட்க மிகையாக இருக்கலாம். ஆனால் குடிநீரை ஆய்வு செய்த ஒருவர், ‘எது மாசுபடாமல் இருக்கிறது, அப்படி வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்’ என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தவர், அடுத்த ஐம்பது ஆண்டுகள் பாலைத் தினமும் மாற்றும் கலைக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு நேர்கோடு தெரிகிறது.

படிக்கும்போதே, 1972இல், ஊருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கரும்பாறையை எடுத்து நீண்ட நாள் செதுக்கி, தேய்த்து, முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு வைத்த பெயர் ‘பிரம்மாண்டம்’. நமக்கு இந்தச் சொல் இன்று சினிமா சுவரொட்டியில்தான் அதிகம் கண்ணில் படுகிறது; பிரமாண்டம் என்றாலே பெரிய செட், பெரிய செலவு. மூலப் பொருள் பிரம்மத்தின் முட்டை, அதாவது இந்த அண்டம். எல்லாம் அடங்கிய, ஆனால் வெளியே ஒன்றும் காட்டாத ஒரு வடிவம். அந்த மாணவர் சொல்லின் உள்ளே இருந்த முட்டையைக் கேட்டிருக்கிறார். பேசிப் பேசித் தேய்ந்த நம் காதுக்கு அது கேட்பதில்லை. பிறகு தென்னிந்தியக் கருங்கல்லிலும் பல பிரம்மாண்டங்களைச் செய்தார். மதுரைக்கு அருகில் ஒரு கிராமத்தில் வேலைக்கூடமும் அமைத்துக்கொண்டார். ஜெர்மனிக் கிராமத்துக்கும் மதுரைப் பக்கத்துக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து ஒரு சுற்றுலாப் பயணியின் ஆர்வம் அல்ல. ஐம்பது வருடப் பழக்கம்.

1975இல் முதல் ‘பால்கல்’.

ஒரு வெண்பளிங்குப் பலகை. பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் அதன் மேற்பரப்பு மிக மெல்லியதாக, ஓரத்தில் இழையளவு கரை விட்டு, உள்பக்கம் தேய்க்கப்பட்டிருக்கும். அந்த ஆழமில்லாப் பள்ளத்தில் பாலை ஊற்றுகிறார்கள். விரல் நுனியால் பாலை ஓரம்வரை இழுத்துவிட வேண்டும். ததும்பும் வரை ஊற்றிய பால், பரப்பு இழுவிசையால் கரையைத் தாண்டாமல், சற்றே உப்பி நிற்கும். வழிந்துவிடுமோ என்று பார்ப்பவருக்கு மூச்சு நிற்கும். வழியாது. கல்லும் வெள்ளை, பாலும் வெள்ளை. எது கல் முடிவு, எது பால் தொடக்கம் என்று கண்ணால் பிரிக்க முடியாது. கிட்டே போய்க் குனிந்தால்தான் ஒன்று அசைவற்றது, மற்றது அசையக்கூடியது என்று தெரியும்.

சரி, மாலை ஆனதும்? பால் கெடும். ஆகவே பாலை எடுத்துவிட்டுக் கல்லைக் கழுவித் துடைக்க வேண்டும். மறுநாள் காலையில் புதுப் பால். கண்காட்சித் தொடக்க நாளில் லைப் ஊற்றுவார். அடுத்த நாளிலிருந்து அருங்காட்சியக ஊழியர்கள். விலை கொடுத்து வாங்கியவர் என்றால் அவரே. ஒரு சிற்பத்தை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்ற வசதி இதில் இல்லை. ஊற்றாத நாளில் அது வெறும் பளிங்குப் பலகை. கலைச்சந்தையில் விற்கப்படும் ஒரு பொருளுக்குள் இப்படி ஒரு தினசரிக் கடமையை வைத்தது, என் பார்வையில், அவருடைய மிகத் துணிச்சலான செயல்.

தமிழ் வாசகருக்கு இங்கே என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பாலாபிஷேகம். லைப் இங்கே கோயில்களைப் பார்த்தவர். கல்லின் மேல் பால் ஊற்றும் வழக்கம் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டால், இரண்டையும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அபிஷேகத்தில் கல் கறுப்பு, பால் வெள்ளை; அந்த மாறுபாட்டில்தான் நம் கண் நிறைகிறது. பால் ஓடுகிறது, சிலையின் தோளிலிருந்து இறங்கி, கோமுகி வழியாக வெளியே போய்விடுகிறது. அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் நாம் எக்கி நிற்கிறோம். மணி, மந்திரம், கூட்டத்தின் நெருக்கடி எல்லாம் கூடவே உண்டு. பால்கல்லில் பால் நிற்கிறது. பெறுபவர் என்று யாரும் இல்லை. பிரசாதமும் இல்லை. மௌனமான ஓர் அறையில் யாருக்காக என்று தெரியாமல் ஒரு காணிக்கை மட்டும் இருக்கிறது. இது குறையா நிறையா என்பது பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்தது. எனக்கு முதலில் வெறுமையாகத்தான் பட்டது.

உண்மையான நெருக்கத்தை நான் வாசல் கோலத்தில் பார்க்கிறேன். வடிவத்தால் அல்ல, லைபின் பரப்பில் புள்ளியும் இல்லை, சிக்கும் இல்லை. ஆனால் அரிசி மாவுக் கோலம் அன்றன்றைக்குப் போட வேண்டியது. எறும்பு தின்னும், சைக்கிள் ஏறும், மத்தியானத்துக்குள் பாதி போய்விடும். மறுநாள் விடியலில் மீண்டும் தண்ணீர் தெளித்து, கூட்டி, குனிந்து. அதைச் செய்கிறவர்களை யாரும் கலைஞர் என்று அழைத்ததில்லை, கோலம் அழிந்ததற்காக அவர்கள் வருத்தப்பட்டதும் இல்லை. பால்கல்லைத் துடைத்து ஊற்றும் அருங்காட்சியக ஊழியரின் கை, தெரிந்தோ தெரியாமலோ அந்த வரிசையில் வந்து சேருகிறது.

அரிசிக்கு வருவோம். 1983இல் ‘ஒன்பது கோள்களுக்கான அரிசி உணவு’ என்று ஒரு படைப்பு. பித்தளைத் தட்டுகளில் அரிசிக் குவியல்கள், ஒன்றில் மட்டும் மகரந்தம். நவக்கிரகத்தைச் சுற்றி வந்து, எந்தக் கிரகத்துக்கு எந்தத் தானியம் என்று குருக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. அதற்கடுத்து ‘அரிசி வீடுகள்’: தாழ்ந்து நீண்ட, கூரை வடிவப் பளிங்குக் கட்டிகள், அடியைச் சுற்றி அரிசி. வாசலும் சன்னலும் இல்லாத வீடுகள். முஸ்லிம் கல்லறைகளின் வடிவமும், ஐரோப்பியத் தேவாலயங்களில் புனிதர்களின் எலும்புகளைக் காக்கும் சிறு பேழைகளின் வடிவமும் இவற்றில் கலந்திருக்கின்றன. வீடும் கல்லறையும் ஒன்றாக, சுற்றிலும் அரிசி. ஐரோப்பியப் பார்வையாளர் அதை உணவு என்று மட்டும் படிப்பார். நமக்கு அரிசி அட்சதையும்தான், வாய்க்கரிசியும்தான். இந்தப் படைப்பின் முன் நமக்குக் கிடைக்கும் பொருள் அவர்களுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

1980களின் இறுதியில் தேன்மெழுகு வந்தது. கையால் தொடும் சிற்பமாக மட்டும் நிற்காமல் அறையாகவே மாறியது. சுவர், கூரை எல்லாம் மெழுகு. உள்ளே ஒரே ஒரு மின்விளக்கு. வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில் 2013இல் நிரந்தரமாக ஒன்று அமைத்தார். ஆறடிக்கு ஏழடி, பத்தடி உயரம். ஏறத்தாழ 200 கிலோ மெழுகு. பெயர் ‘எங்கே போனாய், எங்கே போகிறாய்?’. ஒன்றிரண்டு பேர்தான் ஒரே சமயத்தில் நிற்கலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். சூட்டை அளவாக வைத்து உருக்கி, சுவரில் பூசி, நிறம் கருக்காமல் தேன் பொன்னாக நிற்கும்படி செய்ய வேண்டும். ஓர் வேலைக்காரத் தேனீ தன் வயிற்றுச் சுரப்பிகளிலிருந்து செதில் செதிலாக வெளியிடும் பொருள் இது என்பதை நினைத்தால், 200 கிலோ என்பது எத்தனை தேனீக்களின் ஆயுள் என்று மனம் கணக்குப் போடப் பார்த்துத் தோற்கும்.

உள்ளே போனவர்கள் முதலில் பேசுவது வாசனையைப் பற்றி. தேன், புல், கொஞ்சம் புகை. சத்தமும் அமுங்கிவிடும். இருட்டு, ஒற்றை விளக்கு, நெருக்கம், மணம் என்று அடுக்கினால் நம் கருவறைதான். ஆனால் கருவறைக்குள் நாம் போவதில்லை. வெளியே நின்று உள்ளே பார்க்கிறோம், உள்ளே ஒருவர் இருக்கிறார். இங்கே நாமே உள்ளே போய் நிற்கிறோம். அங்கே யாரும் இல்லை, நாம்தான். இதே வகையில் பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைப்பகுதியில் பாறைக்குள் ஓர் அறையை 2000இல் செய்தார். பிரான்சின் பார்ஜாக்கில் ஓவியர் ஆன்செல்ம் கீஃபரின் பழைய வேலைக்கூட வளாகத்தில் நிலத்தடியில் ஒரு நீண்ட மெழுகுப் பாதையும் உண்டு.

கலை வரலாற்றில் இவரை எங்கே வைப்பது? 1970களில் நிலத்தையே கலையாக மாற்றும் ஓர் அலை இருந்தது. அமெரிக்காவின் ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் யூட்டா மாநிலத்து உப்பு ஏரிக்குள் 1,500 அடி நீளச் சுருள் பாதையை ஆயிரக்கணக்கான டன் கல்லும் மண்ணும் கொட்டி, இயந்திரங்களை வைத்துக் கட்டினார். பிரிட்டனின் ஆண்டி கோல்ட்ஸ்வர்தி இலை, பனிக்கட்டி, முள் ஆகியவற்றைக் கண்ட இடத்திலேயே கோத்து, அது கலைவதற்குள் புகைப்படம் எடுப்பவர். இருவரும் வெளியில் வேலை செய்தார்கள். லைப் வெளியிலிருந்து சேகரித்து உள்ளே கொண்டுவருகிறார். அவருக்கு வெற்று அறை வேண்டும், புல்வெளியில் மகரந்தத்தைக் கொட்டினால் ஒன்றுமே தெரியாது. ஜெர்மனியில் அவருக்கு முந்தைய பெரிய பெயர் யோசஃப் பாய்ஸ். கொழுப்பு, கம்பளி, தேன் எல்லாம் பயன்படுத்தியவர். 1977இல் காசல் நகரத்து டாக்குமென்டா கண்காட்சியில் குழாய்கள் வழியே தேனை ஓடவிட்டார். ஆனால் பாய்ஸுக்குப் பொருள்கள் ஒரு கருத்தின் வாகனம். சமூகம், அரசியல், அவருடைய சொந்த வாழ்க்கைக் கதை எல்லாம் அவற்றில் ஏறிக்கொள்ளும். லைப் பாலைப் பாலாகவே விடுகிறார். 1982இல் இத்தாலியின் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் ஜெர்மனியின் சார்பில் பங்கேற்றவர்களில் ஒருவராக அவர் இருந்தபோது, அந்த அமைதி பலருக்குப் புதிது. அப்போது ஐரோப்பாவில் முரட்டுத் தூரிகையோடு கூச்சலிடும் ஓவியங்களின் காலம். 2015இல் ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே விருது சிற்பத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

எதிர்க்கேள்விகள் உண்டு, அவற்றை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஹேசல் மகரந்தம் ஐரோப்பாவில் பலருக்குக் கடுமையான ஒவ்வாமை தருவது. அவர்களுக்கு அந்தப் பொன் பரப்பு தள்ளி நிற்க வேண்டிய இடம். உணவுப் பொருளை வீணாக்குகிறார் என்ற குரலும் எழுவதுண்டு. அளவைப் பார்த்தால் எனக்கு அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனால் பசித்தவர் இருக்கும் ஊரில் கேட்கப்படும்போது அந்தக் கேள்வியின் எடை கூடும் என்பதை ஏற்கிறேன்.

கடினமான கேள்வி வேறு. கீழை நாடுகளின் ஞானத்தை எடுத்து மேலை நாட்டு வெள்ளை அறையில் வைத்து விற்பதா? 2009இல் இத்தாலியின் டூரின் நகரில் தென்னிந்திய அந்தணர்களை அழைத்து வந்து வேள்வி நடத்தினார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடம் எழுவது உண்மை. அக்கினி அவர்களுடைய வழிபாடு. கலைக்கூடத்தில் அது பார்வைப் பொருளாகிவிடுகிறது. அந்த வேள்வியைச் சூழ்ந்துள்ள சாதி வரலாறு எதுவும் டூரினுக்குப் பயணப்படவில்லை. நாம் இங்கே அதை மறக்க முடியாது. ஆனால் பால்கல்லைப் பற்றியோ மகரந்தத்தைப் பற்றியோ இதே சங்கடம் எனக்கு வருவதில்லை. அங்கே அவர் யாருடைய சடங்கையும் எடுத்து வைக்கவில்லை. ஒரு பொருளைக் கவனித்துக்கொள்ளும் பழக்கத்தை நம் பக்கத்தில் கற்று, தன் ஊர்ச் செடியிடம் போய்ச் செய்கிறார். அரளியையோ தாழையையோ தேடி அவர் இங்கே வரவில்லை. தன் வீட்டுக்குப் பக்கத்து ஹேசல் புதர்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

2019இல் ஃபிளாரன்ஸ் நகரில் சான் மார்க்கோ மடாலயம் உள்ளிட்ட பழைய புனித இடங்களுக்குள் மகரந்தம் உள்ளிட்ட அவருடைய படைப்புகள் வைக்கப்பட்டன. ஐநூறு ஆண்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில், பொன் பூசிய வேலைப்பாட்டின் அருகில், தரையில் பூந்தாது. பொன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த மஞ்சள் எவ்வளவு மென்மையானது என்று தெரியும் என நினைக்கிறேன்.

கண்காட்சி முடியும் நாளில் நடப்பதைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. பரப்பைத் தரையிலிருந்து கூட்டி எடுக்கிறார்கள். பல வாரங்களில் அதில் தூசு சேர்ந்திருக்கும். பார்க்க வந்தவர்களின் தலைமுடியும் துணி இழையும் விழுந்திருக்கும். அதையெல்லாம் சலித்து நீக்க வேண்டும். தாதுத்துகள் துணியின் கண்ணில் இறங்கும், நூலும் முடியும் மேலே தங்கும். பிறகு ஜாடி, மூடி, அலமாரி. அடுத்த கண்காட்சிக்கு அதே தாது, அதோடு இந்த வருடத்துப் புதுத் தாதும். ஒவ்வொரு முறை சலிக்கும்போதும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். தரை விரிசலில் கொஞ்சம், விரலில் கொஞ்சம், மூச்சில் கொஞ்சம். குறைந்ததை ஈடுகட்ட பிப்ரவரியில் ஹேசல் பூக்க வேண்டும், அன்று மழை பெய்யாமல் இருக்க வேண்டும், யாராவது ஒருவர் கிண்ணத்தோடு போய் அந்தக் கிளையை வளைக்க வேண்டும்.